பூஜை அறையில் இருக்கும் ‘கலிபோர்னியம்’ கல்

கேள்வி: ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். என் மாமனார் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவருக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். எலுமிச்சம்பழ அளவில் ஒரு கறுப்புக் கல்லை ஈயப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, “இது கலிபோர்னியம், 100 கிராம் இருக்கிறது, கிராம் 17 கோடிக்குப் போகிறது, வெளிநாட்டுக் கம்பெனி வாங்கத் தயாராக இருக்கிறது, பரிசோதனைச் சான்றிதழுக்கு மட்டும் 8 லட்சம் வேண்டும், பங்கு சேர்ந்தால் ஒன்றுக்கு நூறாகத் திரும்பும்” என்றார்கள். ஒரு கருவியைக் கல்லின் பக்கத்தில் கொண்டுபோனதும் அது கத்தியது. டார்ச் லைட்டை நீட்டினால் வெளிச்சம் மங்கியது. மாமா 2 லட்சத்தை வங்கி மூலம் அனுப்பிவிட்டார். நம்பிக்கைக்கு என்று சொல்லிக் கல்லை எங்கள் வீட்டிலேயே விட்டுப் போயிருக்கிறார்கள். மூன்று நாளாக அது பூஜை அறையில் இருக்கிறது. என் நான்கு வயது மகன் அங்கேதான் விளையாடுவான். பீகாரில் 50 கிராம் பிடிபட்டது, மதிப்பு 850 கோடி என்ற செய்தியை மாமா எடுத்துக் காட்டுகிறார். கலிபோர்னியம் என்று ஒன்று உண்மையிலேயே உண்டா? அதன் பயன் என்ன? பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் காத்திருக்கலாம். தங்கள் வீட்டில் இருப்பது 100 கிராம் கலிபோர்னியம் அல்ல. அப்படி இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதத் தாங்கள் இருந்திருக்க மாட்டீர்கள்; கல்லைக் கொண்டுவந்த மூவரும் தங்கள் வாசற்படியை மிதித்திருக்கவே மாட்டார்கள். கடுமையாகச் சொல்கிறேனே என்று எண்ண வேண்டாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பணியில் இருந்தவன், மைக்ரோகிராம் கணக்கில் கலிபோர்னியத்தை வைத்துக்கொண்டே அஞ்சி அஞ்சி வேலை செய்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது. பிள்ளை நலமாக ஓடியாடிக்கொண்டிருக்கிறான் என்றால் அதுவே போதுமான சான்று.

இனி தங்கள் முதல் கேள்வி. கலிபோர்னியம் உண்மையிலேயே உண்டு. ஏமாற்றுகிறவர்கள் இல்லாத ஒன்றின் பெயரைச் சொல்லவில்லை. இருக்கிற ஒன்றின் பெயரை எடுத்துக்கொண்டு, அதன் குணம் எதையும் தெரிந்துகொள்ளாமல் பேசுகிறார்கள். அந்தக் குணங்களைத் தெரிந்துகொண்டால் அவர்கள் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் தானாகவே உதிர்ந்துவிடும். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன். மாமனாருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

கலிபோர்னியம் தனிம வரிசை அட்டவணையில் 98ஆவது தனிமம். தோண்டி எடுக்கப்படுவது அன்று, மனிதர்கள் உண்டாக்கியது. 1950ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்க்லி ஆய்வகத்தில் ஸ்டான்லி தாம்ஸன், கென்னத் ஸ்ட்ரீட், ஆல்பர்ட் கியோர்ஸோ, க்ளென் சீபோர்க் ஆகிய நால்வரும், 96ஆவது தனிமமான கியூரியத்தில் சில மைக்ரோகிராம் எடுத்துக்கொண்டு, துகள்களை வேகப்படுத்தும் 60 அங்குல சைக்ளோட்ரான் என்னும் இயந்திரத்தின் உதவியால் ஆல்பா துகள்களை, அதாவது ஹீலியம் அணுவின் கருக்களை, அதன்மீது மோதச் செய்தார்கள். கிடைத்தது ஏறக்குறைய 5,000 அணுக்கள். ஐயாயிரம் கிராம் அல்ல, ஐயாயிரம் அணுக்கள். எந்தத் தராசிலும் நிற்காத அளவு. அவையும் 44 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகச் சிதைந்துகொண்டிருந்தன. அந்த அவகாசத்துக்குள் அவற்றைப் பிரித்தெடுத்து, இது புதிய தனிமம்தான் என்று நிறுவினார்கள் என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

பெயர் வைத்த கதையும் சுவையானது. அதற்கு முந்தைய தனிமத்துக்குப் பெர்க்லி நகரத்தின் பெயரை வைத்தபோது, அட்டவணையில் அதற்கு நேர் மேலே இருக்கும் டெர்பியமும் ஸ்வீடன் நாட்டு ஊர் ஒன்றின் பெயரைக் கொண்டது என்று பொருத்தம் காட்ட முடிந்தது. கலிபோர்னியத்துக்கு மேலே இருப்பது டிஸ்ப்ரோஸியம். ‘எட்டுவதற்கு அரியது’ என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். வேறு வழியில்லாமல், நூறு ஆண்டுகளுக்கு முன்னால் வேறொரு தனிமத்தைத் தேடிப் புறப்பட்டவர்களுக்கும் கலிபோர்னியா போய்ச் சேருவது அரிதாகத்தான் இருந்தது என்று அவர்கள் வேடிக்கையாகப் பொருத்தம் சொன்னார்கள். அந்த வேறொரு தனிமம் தங்கம். தங்க வேட்டைக்குப் பெயர் போன மாநிலத்தின் பெயர் இன்றைக்கு நம் ஊர்ப் பேராசைக் கதை ஒன்றில் வந்து நிற்பதை அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்தத் தனிமத்தில் பல ஐசோடோப்புகள், அதாவது எடையில் வேறுபடும் அணு வகைகள், உண்டு. கலிபோர்னியம்-249 பாதியாவதற்கு 351 ஆண்டுகள் ஆகும். 251க்கு ஏறக்குறைய 900 ஆண்டுகள். ஆனால் தொழில் உலகில் கலிபோர்னியம் என்று சொன்னாலே 252ஐத்தான் குறிக்கும். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகச் சிதைவதற்கு ஆகும் காலம், 2.6 ஆண்டுகளுக்குச் சற்று மேல். அதன் அணுக்களில் நூற்றுக்கு 97 ஆல்பா துகளை உமிழ்ந்து கியூரியமாக மாறுகின்றன. மீதி மூன்று, யாரும் தூண்டாமலே, தாமாகவே இரண்டாகப் பிளந்துகொள்கின்றன. ஒவ்வொரு பிளவிலும் சராசரியாக மூன்று நான்கு நியூட்ரான்கள், அதாவது அணுக்கருவில் இருக்கும் மின்னூட்டம் இல்லாத துகள்கள், சிதறுகின்றன. இந்த மூன்று விழுக்காட்டில்தான் கலிபோர்னியத்தின் பெருமை முழுவதும் இருக்கிறது. ஒரு மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, நொடிக்கு 23 லட்சம் நியூட்ரான்களை வெளியிடும். சமையலறையில் சிந்தும் ஒரு தூள் உப்புப் பரல் ஏறக்குறைய 60 மைக்ரோகிராம் இருக்கும். அந்த எடைக்குக் கலிபோர்னியம் இருந்தால் நொடிக்கு 14 கோடி நியூட்ரான்கள்.

நியூட்ரான் வேண்டும் என்றால் ஒரு அணு உலையோ பெரிய துகள் முடுக்கியோ வேண்டும் என்ற நிலையில், விரல் கணு அளவுள்ள எஃகுக் குப்பி ஒன்று அந்த வேலையைச் செய்கிறது என்பதுதான் இதன் பயன்கள் எல்லாவற்றுக்கும் மூலம். புதிதாகக் கட்டிய அணு உலையில் எரிபொருளை நிரப்பியதும் அதிலிருந்து வரும் நியூட்ரான்கள் மிகக் குறைவு, கருவிகளுக்கே எட்டாது. கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்ப முடியாது அல்லவா? அதனால் கலிபோர்னியம் போன்ற ஒரு நியூட்ரான் மூலத்தை உள்ளே வைத்து, ஒரு பிளவு அடுத்த பிளவைத் தூண்டும் தொடர்வினை மெல்ல மெல்ல எழுவதைக் கருவியில் பார்த்துக்கொண்டே உலையைத் தொடங்குவார்கள். எண்ணெய்க் கிணறுகளில் பாறையின் நுண்துளைகளில் நீரோ எண்ணெயோ இருக்கிறதா என்று அறியவும், எரிபொருள் கோல்களைச் சோதிக்கவும், விமானப் பாகங்களுக்குள் ஈரமும் அரிப்பும் மறைந்திருப்பதை நியூட்ரான் படமாக எடுக்கவும், வெடிபொருளைத் திறக்காமலே அடையாளம் காணவும் இது பயன்பட்டிருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய் போன்ற சிலவற்றுக்குச் சிகிச்சையாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

தங்கள் பக்கத்து மக்களுக்கு எளிதில் விளங்கக்கூடிய பயன் சிமெண்ட் ஆலையில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் நொறுங்கி ரப்பர்ப் பட்டையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதில் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு, சிலிக்கா எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று தெரிந்தால்தான் கலவையைச் சரியாக அமைக்க முடியும். ஒரு சட்டி கல்லை அள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு வருவதற்குள் பல டன் ஓடிப்போய்விடும். பட்டைக்குக் கீழே சில பத்து மைக்ரோகிராம் கலிபோர்னியத்தை வைத்துவிட்டால், அதன் நியூட்ரான்களை விழுங்கிய ஒவ்வொரு அணுவும் தனக்கே உரிய ஆற்றலில் காமா கதிரை வெளியிடும். மேலே இருக்கும் உணரி அதைப் படித்து நிமிடத்துக்கு நிமிடம் கணக்குச் சொல்லும். நிலக்கரியில் சாம்பலும் கந்தகமும் எவ்வளவு என்று அறிவதும் இதே முறையில்தான். இந்த வேலைக்கு மின்சாரத்தால் இயங்கும் நியூட்ரான் கருவிகளும் இப்போது வந்துவிட்டன.

இன்னொரு பயன், காசுக்கு உதவாதது, ஆனால் எனக்குப் பிடித்தது. ரஷ்யாவின் துப்னா நகர ஆய்வகத்தில், கலிபோர்னியம்-249ஆல் செய்த மெல்லிய தகட்டின்மீது கால்சியம் அணுக்களைப் பல மாதங்கள் பொழிந்து 118ஆவது தனிமத்தை உண்டாக்கினார்கள். கிடைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில அணுக்கள். 2006இல் அறிவிக்கப்பட்ட அந்தத் தனிமத்துக்கு, பத்து ஆண்டுகள் கழித்து, யூரி ஒகனேசியன் என்ற அறிஞரின் பெயரால் ஒகனேசான் என்று பெயரிட்டார்கள்.

இவ்வளவு பயன் இருந்தும் கலிபோர்னியம் ஏன் மைக்ரோகிராம் கணக்கிலேயே புழங்குகிறது? அதைத் தயாரிக்கும் முறை அப்படி. கியூரியத்தை அணு உலையின் நடுவே வைத்து, நியூட்ரானை ஒன்றன்மேல் ஒன்றாக விழுங்கச் செய்ய வேண்டும். கியூரியம்-244 கலிபோர்னியம்-252 ஆவதற்கு எட்டு நியூட்ரான்களை விழுங்கி, இடையில் இரண்டு முறை, எலக்ட்ரானை உமிழ்ந்து அடுத்த தனிமமாக மாறும் பீட்டாச் சிதைவும் அடைய வேண்டும். திருவிழாவில் வழுக்கு மரம் ஏறுவது போன்ற வேலை இது. ஏறுகிற அணுக்களில் பெரும்பாலானவை பாதி வழியிலேயே பிளந்து வீணாகிவிடும். உச்சியைத் தொடுபவை மிகச் சில. பின்னர் தடித்த காங்கிரீட் சுவருக்கு அப்பால் இயந்திரக் கைகளைக் கொண்டு, மற்ற கதிரியக்கப் பொருள்களிலிருந்து அதைப் பிரித்தெடுக்க வேண்டும். உலகில் இதை முறையாகத் தயாரித்து விற்றுவந்த இடங்கள் இரண்டு: அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் உள்ள ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம், ரஷ்யாவில் திமித்ரோவ்கிராத் நகரில் உள்ள அணு உலை ஆராய்ச்சி நிறுவனம். 2003 வாக்கில் ஓக் ரிட்ஜின் ஆண்டு உற்பத்தி ஏறக்குறைய கால் கிராமாக இருந்தது. ரஷ்யாவினுடையது அதில் பத்தில் ஒரு பங்கு. தங்கள் பூஜை அறையில் இருப்பதாகச் சொல்லப்படும் 100 கிராமைத் தயாரிக்க, அந்த வேகத்தில் ஓக் ரிட்ஜுக்கு 400 ஆண்டுகள் பிடிக்கும். அப்போதும் சேராது, ஏனென்றால் தயாரித்தது அத்தனையும் இரண்டே முக்கால் ஆண்டுக்குள் பாதியாகிக்கொண்டே வரும்.

நான் பணிபுரிந்த இடத்தில் நியூட்ரான் அளவிகளைச் சரிபார்ப்பதற்காகக் கலிபோர்னிய மூலம் ஒன்று இருந்தது. தரைக்குக் கீழே ஒரு குழி. குழிக்குள் பாரஃபின் மெழுகு நிரப்பிய பீப்பாய். அதன் நடுவில் எஃகுக்குள் எஃகாக இரட்டை உறையிட்ட சிறு குப்பி. உள்ளே இருந்தது கல்லும் அல்ல, கட்டியும் அல்ல. பல்லேடிய உலோகத்துடன் கலந்து கம்பியாக இழுத்த கலிபோர்னிய ஆக்சைடில் ஒரு சிறு துண்டு. ஆளுயரக் கோலின் நுனியில் மாட்டித்தான் குப்பியை வெளியே எடுப்போம். எடுக்கப் போகிறவர் முந்தின நாளே காலிப் பீப்பாயில் வெறும் குப்பியை வைத்து ஒத்திகை பார்க்க வேண்டும். எத்தனை நொடியில் எடுத்து எத்தனை நொடியில் திரும்ப வைக்கிறார் என்று ஒருவர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் அன்றைய தேதியை எழுதி, அன்றைக்கு மூலத்தின் வலிமை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கணக்கிட்ட பிறகுதான் வேலை தொடங்கும். “இது சம்பளப் பணம் மாதிரி, கைக்கு வந்த நாளிலிருந்து கரைய ஆரம்பித்துவிடும்” என்பார் எங்கள் மூத்த அலுவலர். பத்து ஆண்டு வைத்திருந்தால் நூற்றுக்கு ஏழு பங்குதான் மிஞ்சும். முதலீடு செய்வதற்கு இதைவிட மோசமான பொருளை நான் கேள்விப்பட்டதில்லை.

இனி அந்தக் கல்லைப் பார்ப்போம். கலிபோர்னியம் வெள்ளியைப் போன்ற வெண்மை கொண்ட உலோகம். பிளேடால் சீவக்கூடிய அளவுக்கு மென்மையானது. அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 15.1 கிராம். 100 கிராம் கலிபோர்னியம் ஒரு பெரிய கோலிக்குண்டு அளவுதான் இருக்கும். எலுமிச்சம்பழ அளவு இருந்தால் அரைக் கிலோ எடை இருக்க வேண்டும். எலுமிச்சம்பழ அளவில் 100 கிராம் எடையுள்ள பொருளின் அடர்த்தி மூன்றுக்கு அருகில் வருகிறது; அது நம் ஊர்க் கருங்கல்லின் அடர்த்தி. தங்கள் கடிதத்தில் தாங்கள் எழுதிய இரண்டு விவரங்களே கதையை முடித்துவிட்டன.

அடுத்தது வெப்பம். ஒரு கிராம் கலிபோர்னியம்-252 தன் கதிரியக்கத்தாலேயே ஏறக்குறைய 39 வாட் வெப்பத்தை இடைவிடாமல் தரும். 100 கிராம் என்றால் 3,900 வாட். நான்கு இஸ்திரிப் பெட்டிகளை ஒன்றாக மாட்டி, இரவு பகலாக நிறுத்தாமல் வைத்ததற்குச் சமம். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும். கோலிக்குண்டு அளவுள்ள பொருளில் அத்தனை வெப்பமும் அடங்கியிருந்தால் அந்தப் பெட்டி பெட்டியாகவே இருந்திருக்காது. தங்கள் வீட்டுக் கல் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறதா?

ஈயப் பெட்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கதிர்வீச்சு என்றாலே ஈயம் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எக்ஸ் கதிருக்கும் காமா கதிருக்கும் அது சரி. நியூட்ரானுக்கு ஈயம் ஒரு பொருட்டே அல்ல. கோலிக்குண்டை ஆட்டுக்கல்லின்மீது எறிந்தால் எறிந்த வேகத்திலேயே திரும்பி வரும்; இன்னொரு கோலிக்குண்டின்மீது அடித்தால்தான் தன் வேகத்தை அதற்குக் கொடுத்துவிட்டு நிற்கும். அதுபோல, நியூட்ரானைத் தடுக்க அதன் எடைக்கு நிகரான ஹைட்ரஜன் அணுக்கள் நிறைந்த பொருள் வேண்டும்: தண்ணீர், மெழுகு, பாலித்தீன். அதனால்தான் எங்கள் குழியில் மெழுகுப் பீப்பாய் இருந்தது. கலிபோர்னியத்தை வெறும் ஈயப் பெட்டியில் தூக்கிக்கொண்டு வருகிறவர் அதைப் பற்றி ஒன்றுமே அறியாதவர். அறிந்தும் தூக்கி வந்திருந்தால் தங்கள் வீடு வரை வந்து சேர்ந்திருக்க மாட்டார். 100 கிராமிலிருந்து வரும் நியூட்ரான் பெருக்கில், ஒரு மீட்டர் தள்ளி நின்றாலும் சில நிமிடங்களுக்குள் உயிரைப் பறிக்கும் அளவுக்குக் கதிர்வீச்சு உடலில் ஏறிவிடும். பூஜை அறையில் இருக்கும் குத்துவிளக்கின் செம்புகூட நியூட்ரானை விழுங்கித் தானும் கதிரியக்கம் உடையதாகிவிடும்.

கருவி கத்தியது என்கிறீர்கள். அது கதிர்வீச்சை அளக்கும் உண்மையான கெய்கர் கருவியாகவே இருந்தாலும், கத்தியதால் எதுவும் நிரூபணம் ஆகாது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் அருகில் பிடித்தாலும் அந்தக் கருவி கத்தும், ஏனென்றால் அந்த மணலின் மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலும் அப்படியே. கருவி ஏதோ கதிர்வீச்சு இருக்கிறது என்று சொல்லுமே தவிர, இன்ன தனிமம் என்று சொல்லாது. நியூட்ரானை அளப்பதற்குப் பாலித்தீன் உருண்டைக்குள் உணரி பொருத்திய, கையில் தூக்கினால் கனக்கும் தனிக் கருவி உண்டு. அதை அவர்கள் கொண்டுவந்ததாகத் தாங்கள் எழுதவில்லை. கெய்கர் கருவிதானா, பொத்தானை அழுத்தினால் கத்தும் பொம்மையா என்பதும் நமக்குத் தெரியாது. டார்ச் விளக்கை மங்கச் செய்யும் கதிரியக்கம் எதுவும் கிடையாது. அது டார்ச்சைப் பிடித்திருக்கும் கையின் வேலை.

மாமனார் காட்டும் செய்திக்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. செய்தி வந்தது உண்மைதான். 2021 மே மாதம் லக்னோவில் 340 கிராம், அதே ஆண்டு ஆகஸ்டில் கொல்கத்தா விமான நிலையம் அருகே 250 கிராம், 2024 ஆகஸ்டில் பீகாரின் கோபால்கஞ்சில் 50 கிராம் என்று கலிபோர்னியம் ‘பிடிபட்ட’ செய்திகள் வந்தன. கொல்கத்தாவில் மதிப்பு 4,250 கோடி, கோபால்கஞ்சில் 850 கோடி. இரண்டையும் வகுத்துப் பாருங்கள். இரண்டிலும் கிராமுக்கு 17 கோடி வரும். தங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் சொன்னதும் அதே 17 கோடிதான். வேடிக்கை என்னவென்றால் அந்த விலையே தவறு. 1990களின் இறுதியில் அமெரிக்க அரசு இதை ஒரு மைக்ரோகிராம் 60 டாலர் என்ற அளவில் விற்றது. அதைக் கிராமுக்குப் பெருக்கினால் 6 கோடி டாலர் ஆகும். உண்மையான விலையைவிடப் பல மடங்கு குறைத்துச் சொல்லி ஏமாற்றுகிறார்கள். ஆனால் அந்தப் பெருக்கலுக்கே பொருள் இல்லை. கிராம் கணக்கில் விற்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை. உரிமம் பெற்ற ஆலையும் ஆய்வகமும் மருத்துவமனையும் முத்திரையிட்ட குப்பியாகத்தான் வாங்கும்.

கோபால்கஞ்ச் பொருளை அணுசக்தித் துறை வல்லுநர்கள் பின்னர் சோதித்தபோது அதில் கதிரியக்கமே இல்லை என்று தெரிந்தது. பிடிபட்டதைப் பெரிய எழுத்தில் போடும் பத்திரிகைகள் சோதனை முடிவைச் சிறிய எழுத்தில் போடுகின்றன, சில போடுவதே இல்லை. அதனால் மாமனாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் ஊரில் இந்த நாடகம் வேறு பெயரில் பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருப்பதுதான். கோபுரக் கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அரிசியை இழுக்கும், விண்வெளி ஆராய்ச்சிக்கு வாங்கிக்கொள்வார்கள் என்று ‘ரைஸ் புல்லிங்’ கூட்டம் சொல்லிச் சொல்லி எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பைக் கரைத்திருக்கிறது. இரிடியம் இயற்கையில் கிடைக்கும் சாதாரண விலையுயர்ந்த உலோகம். தங்கத்தோடு ஒப்பிடத்தக்க விலைக்கு வெளிச்சந்தையிலேயே கிடைக்கிறது. அதைக் கலசத்தில் ஒளித்து விற்க வேண்டிய தேவையே இல்லை. அந்தப் பெயர் பழையதாகி மக்கள் உஷாரானதும், யாரும் கேள்விப்படாத பெயராகத் தேடி இதைப் பிடித்திருக்கிறார்கள். முறை ஒன்றுதான்: பொருளுக்கு விலை கேட்க மாட்டார்கள், சோதனைக்கு, சான்றிதழுக்கு, வரிக்கு என்று கேட்பார்கள். முதல் 2 லட்சம் போனதும், இன்னும் 3 லட்சம் கட்டினால்தான் முதலில் கட்டியது பயன்படும் என்பார்கள். அந்த அழைப்பு வந்தாலும் வந்திருக்கலாம்.

தாங்கள் இப்போது செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். கல்லை உடைக்கவோ, அரைக்கவோ, ஆற்றில் போடவோ வேண்டாம். கலிபோர்னியம் இல்லை என்று உறுதியாகச் சொன்ன நான், அது வெறும் கருங்கல்தான் என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன். தோரியம் கலந்த தாதுத் துண்டாக இருப்பதற்கு ஒரு சிறு வாய்ப்பு உண்டு. அப்படியே இருந்தாலும் மூன்று நாள் ஓர் அறையில் இருந்ததால் பிள்ளைக்குத் தீங்கு வராது. ஆனால் அதன் தூள் வாய்க்கும் மூச்சுக்கும் போகக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, ஆள் புழங்காத புழக்கடைக் கொட்டகையில் வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அறையைத் துணியால் ஈரமாகத் துடைத்தால் போதும்.

ஒரு கல்லையோ குப்பியையோ பார்த்து நாம் உண்மையில் பயப்பட வேண்டிய சந்தர்ப்பமும் உண்டு என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் என் பணிக்கு நான் செய்யும் துரோகம். 2010இல் தில்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில், ஏலத்தில் போன ஆய்வகக் கருவி ஒன்றிலிருந்த கோபால்ட்-60ஐ அது இன்னதென்று தெரியாமல் பிரித்ததில் ஒருவர் உயிரிழந்தார். பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். 1987இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவக் கருவியில் இருந்த சீசியம்-137 நீலமாக ஒளிர்கிறதே என்று வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பங்கு வைத்ததில் ஆறு வயதுச் சிறுமி உட்பட நால்வர் இறந்தார்கள். மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ் கொண்ட கதிர்வீச்சுச் சின்னம் பொறித்த கனமான உலோகக் குப்பியைப் பழைய இரும்புக் கடையிலோ தோட்டத்திலோ கண்டால், விலகி நின்று 112ஐ அழையுங்கள். கோடிக்கணக்கில் விலை பேசிக் கொண்டுவரப்படும் கறுப்புக் கல் அந்த வகை அல்ல.

மாமனாரிடம் பேசுவது எனக்கு எழுதுவதைவிடக் கடினமாக இருக்கும் என்று தெரிகிறது. ஏமாந்துவிட்டீர்கள் என்று மருமகள் சொல்ல, மாமனார் கேட்டுக்கொள்வது எந்த வீட்டிலும் எளிது அல்ல. அதனால் தாங்கள் வாதாட வேண்டாம். அடுத்த முறை அவர்கள் போனில் பேசும்போது அவரையே மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள்: இது எந்த ஐசோடோப்? எந்தத் தேதியில் அளவிட்டது? அன்றைக்கு எத்தனை மைக்ரோகிராம் இருந்தது? முத்திரையிட்ட மூலம் ஒவ்வொன்றோடும் இந்த மூன்றும் எழுதிய சான்றிதழ் கூடவே வரும். அது இல்லாமல் ஒரு குப்பிகூட எங்கள் வாசலுக்குள் நுழைந்ததில்லை. மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இல்லாமல் இத்தகைய மூலத்தை யாரும் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்பதையும், அந்தக் கல் உண்மையானதாக இருந்திருந்தால் தம் பெயரில் 2 லட்சம் அனுப்பிய அவரே முதலில் விசாரிக்கப்படுவார் என்பதையும் அவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

பணம் வங்கி வழியாகப் போயிருப்பது நல்லதாயிற்று. இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் 1930 என்ற எண்ணுக்கு அழைத்து, பணம் அனுப்பிய நாள், தொகை, பரிவர்த்தனை எண், சென்ற கணக்கின் எண் ஆகியவற்றைச் சொல்லுங்கள். பணம் அந்தக் கணக்கிலிருந்து வெளியேறாமல் இருந்தால் நிறுத்தி வைக்க வழி உண்டு, ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பிறகு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள். கல்லையும் ஈயப் பெட்டியையும் காவல் துறையினரிடமே ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வந்தவர்களின் தொலைபேசி எண்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிடாமல் மாமனாரின் கைப்பேசியிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.